கண்ணிழந்த வீரர் பிறர்க்குக் கண்ணான வரலாறு

போரின் வெற்றி தோல்விகளைக் குறித்து எழுதப்பட்ட நூல்கள் பல. அப்போரிலே கையிழந்தும் காலிழந்தும் கண்ணிழந்தும் ஊர்திரும்பிய இளைஞர்கள் பின்னர் எங்ஙனம் வாழ்ந்தார்கள் என்பதைக் கூறும் நூல்களோ மிகச் சில. இருபது வயதில் ஒருவன் போரில் ஊனமுற்றால், அவன் களத்தில் நின்ற காலம் ஓரிரண்டு ஆண்டே. அவ்வூனத்தோடு வாழவேண்டிய காலம் ஐம்பது ஆண்டாகவும் இருக்கலாம். அந்த ஐம்பது ஆண்டையும் அவன் பிறர் இரக்கத்தில் கழிப்பதா, தன் உழைப்பில் கழிப்பதா? அவனுக்கு வழிகாட்ட வல்லவர் யாவர்? இவ்வினாக்களையே ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

இவற்றிற்குத் தம் வாழ்க்கையினாலேயே விடை கூறியவருள் ஒருவர் க்ளூதா மெக்கென்ஸி என்னும் படைவீரர். அவர் நியூசிலாந்திலே பிறந்தவர். துருக்கிநாட்டுக் கடற்கரையிலே கண்ணிழந்தவர். லண்டன் மாநகரிலே மீண்டும் வாழக் கற்றவர். நம் நாட்டில் டேராடூன் நகரிலே, தம்மைப் போலக் கண்ணிழந்த இந்தியப் படைவீரர்க்கு ஆசானாக அமர்ந்தவர். இன்று தமிழ்ச் சிறுவன் ஒருவன் பார்வையின்றியே தன் விரல் நுனியால் தமிழ் படிக்கும் எழுத்துமுறை உருப்பெற்றதிலும் அவர்க்குப் பங்குண்டு. ஆயினும் அவர் பெயரை நம்மவருள் அறிந்தார் மிகச் சிலரே. ஆதலின் அவர் வரலாற்றை முன்வைத்து, ஒத்த துன்பமுற்றவர் ஒருவருக்கொருவர் துணையாகும் முறையின் இயல்பை நோக்குவோம்.

கண்ணிழந்தோர்க்குக் கண்ணிழந்தோரே ஆசான்

மெக்கென்ஸியின் கதையைக் கூறுமுன், அவர்க்கு ஆசானாக வாய்த்தவரைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். லண்டனில் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' என்னும் நாளிதழை 1900-ம் ஆண்டில் தொடங்கிப் புகழும் பொருளும் ஈட்டியவர் ஆர்தர் பியர்ஸன். செய்தித்தாள் நடத்துபவர்க்குக் கண்ணே கருவி. அக்கருவியையே கண்ணழுத்த நோய் அவரிடமிருந்து பறித்துக்கொண்டது. அவர் மூலையில் முடங்கவில்லை. பார்வையற்றோர் நலனுக்கே தம் பிற்காலம் முழுவதையும் ஈந்தனர்.

1914-ம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. கண்ணிழந்த இளைஞர்கள் லண்டன் மருத்துவமனைகளுக்கு வரலாயினர். 1915-ம் ஆண்டின் தொடக்கத்தில் பியர்ஸன் அவர்களுக்கென ஓர் இல்லம் திறந்தார். சின்னாளில் அவ்வில்லம் ரீஜென்ட்ஸ் பார்க் பூங்காவிலுள்ள செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்னும் பெரிய மனைக்கு மாறியது. அம்மனையின் பெயரே நிறுவனத்தின் பெயருமாயிற்று.

பியர்ஸன் புதிதாய்க் கண்ணிழந்த வீரரை மருத்துவமனைப் படுக்கையருகிலேயே சென்று காண்பார். அவரைச் சூழ்ந்த மற்றையோர் யாவரும் கண்ணுடையோர். அவர்கள் கூறிய ஆறுதல் எல்லாம் வெறும் சொல்லாகவே நின்றது. பியர்ஸனோ தாமே பார்வையற்றவர். தாமாக வந்தமர்ந்து உரையாடி எழுந்து செல்லும் அவரது வருகையே அவ்விளைஞர்க்கு ஒரு சான்றாயிற்று. கண்ணாடி மூடியின்றி, எண்களிருக்கும் இடத்தில் புள்ளிகள் எழும்பி நிற்கும் கைக்கடிகாரம் ஒன்றும் இல்லத்தில் சேர்ந்தார்க்கு அளிக்கப்பட்டது. பொழுதைத் தானே தடவி அறிந்துகொள்பவன், தன் வாழ்வின் ஒரு சிறு பகுதியையேனும் தன் கைக்குள் மீட்டவன் ஆகின்றான் அன்றோ?

இல்லத்தில் பிரெயில் எழுத்து, தட்டச்சு, கூடை முடைதல், செருப்புச் செப்பனிடுதல், கோழி வளர்ப்பு, உடற்பிடி மருத்துவம், தொலைபேசி இணைப்புப் பணி முதலியன கற்பிக்கப்பட்டன. கற்பித்தாருள் பலர் தாமும் பார்வையற்றவர். நேற்றுக் கற்றவன் இன்று கற்பிப்பான். 1921-ம் ஆண்டில் பியர்ஸன் இறந்தபோது, 1916-ம் ஆண்டில் ஸோம் போர்க்களத்தில் கண்ணிழந்து அவ்வில்லத்திலேயே பயின்ற கேப்டன் இயன் பிரேஸர் அதன் தலைவரானார். 1974-ம் ஆண்டுவரை அப்பொறுப்பில் இருந்தார். மாணவனே ஆசானுக்குப்பின் தலைவனாயினன் என்றால், அம்முறையின் வலிமைக்கு வேறு சான்று எதற்கு?

காலிப்பொலியினின்று ஆக்லந்துக்கு

க்ளூதா மெக்கென்ஸி 1895-ம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் தாமஸ் மெக்கென்ஸி 1912-ம் ஆண்டில் சில திங்கள் நியூசிலாந்தின் பிரதமராக இருந்தவர். பின்னர் அந்நாட்டின் பிரதிநிதியாக லண்டனில் பணியாற்றினார். மைந்தரோ வெலிங்டன் குதிரைப்படையில் சேர்ந்து காலிப்பொலி என்னும் துருக்கிக் கடற்கரைக்கு அனுப்பப்பட்டார். 1915-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சூனுக் பாயர் என்னும் மலைமுகட்டைப் பற்றுதற்காக நிகழ்ந்த கடும்போரில் அவர் இரு கண்களின் ஒளியையும் இழந்தார். அப்போது அவர்க்கு வயது இருபது.

செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்தில் சேர்ந்து பிரெயிலும் தட்டச்சும் கற்றபின், நியூசிலாந்துப் படையினர்க்கென 1916-ம் ஆண்டில் லண்டனில் தொடங்கப்பெற்ற இதழுக்கு அவர் ஆசிரியராயினர். இஃது ஊன்றி நோக்கத்தக்கது. அவர் முதலில் ஏற்ற பணி பார்வையற்றோர்க்கென ஒதுக்கி வைக்கப்பட்ட பணியன்று. படைவீரர் யாவர்க்கும் பொதுவான பணி. தாய்நாடு திரும்பிய பின் 1921-ம் ஆண்டில் இடைத்தேர்தலில் வென்று நியூசிலாந்துப் பாராளுமன்றத்தில் அமர்ந்தார். அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் தோற்றார். தோல்வி அவரை வேறொரு வாயிலுக்கு அழைத்துச் சென்றது.

1923-ம் ஆண்டில் ஆக்லந்து நகரத்துப் பார்வையற்றோர் நிலையத்தின் இயக்குநராக அவர் நியமனம் பெற்றார். 1938-ம் ஆண்டு வரை அப்பதவியிலிருந்தார். அந்நிலையத்தில் போர்வீரர் மட்டுமல்லர், சிறுவர் சிறுமியரும் பயின்றனர். பிறவியிலேயே ஒளி காணாத குழந்தையும், இருபதாம் வயதில் அதனை இழந்த வீரனும் ஒத்த நிலையினர் என்று எளிதிற் கூறிவிடலாகாது. ஒருவன் இழந்ததை நினைந்து வருந்துவான், மற்றவன் அறியாததை நினைந்து வருந்தான். ஆயினும் உலகம் இருவரையும் ஒரே இரக்கப் பார்வையாற் பார்த்தது. இருவர்க்கும் ஒரே கதவுகளை அடைத்தது. அக்கதவுகளைத் திறக்க முயன்றதே மெக்கென்ஸியின் பணி. நாடெங்கும் சென்று நிதி திரட்டினார், தொழிற்கூடங்களை வளர்த்தார். 1935-ம் ஆண்டில் அவர்க்கு ஸர் பட்டம் கிடைத்தது.

டேராடூனில் ஓர் இல்லம்

இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையிற் சேர்ந்தோர் ஏறக்குறைய 25 லட்சம் பேர். ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் இத்தாலியிலும் பர்மாக் காடுகளிலும் அவர்கள் போரிட்டனர். அவர்களுள்ளும் கண்ணிழந்தோர் இருந்தனர். கிராமத்தினின்று புறப்பட்டுச் சென்ற இளைஞன் பார்வையின்றித் திரும்பினால், அவன் குடும்பம் அவனைத் திண்ணையில் அமர்த்திச் சோறிடும், அன்புக்குக் குறைவிராது. ஆனால் ஏர் பிடித்த கை, துப்பாக்கி பிடித்த கை, அத்திண்ணையில் என்செய்யும்?

இந்நிலையில் 1943-ம் ஆண்டில் டேராடூனில் போரிற் கண்ணிழந்த இந்தியர்க்கென செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி தொடங்கப்பெற்றது. அதனை நடத்த வந்தவர் மெக்கென்ஸியே. காலிப்பொலியிலே கண்ணிழந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. புதிதாய்க் கண்ணிழந்த வீரனிடம் சென்று, "நானும் போர்வீரன், நானும் உன் வயதிலேயே இதனை இழந்தேன், அதன்பின் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்து இத்தனை பணிகள் செய்தேன்" என்று கூறும் உரிமை அவர்க்கிருந்தது. மொழியும் நாடும் வேறாயினும் அவ்வுரிமை வேறாகவில்லை. பிரெயில் எழுத்தும் கைத்தொழில்களும் அவ்விடுதியிற் கற்பிக்கப்பட்டன.

அவர் தம் விடுதியளவிலே நின்றுவிடவில்லை. நம் நாட்டில் பார்வையற்றோர் நிலையைக் குறித்து 1944-ம் ஆண்டில் அரசாங்கத்துக்கு அளிக்கப்பட்ட அறிக்கையிலும் அவர் உழைப்பு உண்டு. நாடு விடுதலை பெற்றபின், 1950-ம் ஆண்டில், அவ்விடுதியை இந்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. போர்வீரர்க்கென எழுந்த அவ்வித்தே நாட்டு மக்கள் யாவர்க்குமான தேசிய நிறுவனமாக வளர்ந்து இன்றும் டேராடூனில் நின்று நிலவுகிறது. அதன் மண்டல மையம் ஒன்று நம் சென்னைக்கு அணித்தாகப் பூந்தமல்லியில் உள்ளது.

தமிழும் ஆறு புள்ளிகளும்

பிரெயில் எழுத்தின் வரலாறே ஒத்த நிலையினர் உதவிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பிரான்ஸ் நாட்டில் 1809-ம் ஆண்டில் பிறந்த லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் தோற்பட்டறையில் ஊசி பட்டுக் கண்ணிழந்தார். பாரிஸ் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் பயிலும்போது, பார்பியே என்னும் பழைய படையதிகாரி வகுத்த பன்னிரு புள்ளிமுறை அவர்க்கு அறிமுகமாயிற்று. அம்முறையில் ஓரெழுத்து ஒரு விரல் நுனிக்குள் அடங்காது. ஆகவே பிரெயில் பன்னிரண்டை ஆறாகச் சுருக்கி, 1824-ம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதில், புதுமுறை கண்டார். விரல் நுனி எவ்வளவு கொள்ளும் என்பது விரலால் படிப்பவனுக்கே தெரியும். கண்ணுடையோன் வகுத்த முறையைப் பயன்கொள்வோனே திருத்தியமைத்தான் என்பதே இதன் பாடம்.

தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் 1890-ம் ஆண்டில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். காலப்போக்கில் நாட்டின் பல பகுதிகளில் பல பள்ளிகள் எழுந்தன. அவற்றோடு பலவேறு பிரெயில் முறைகளும் எழுந்தன. ஒரு பள்ளியில் அச்சிட்ட நூல் மற்றொரு பள்ளி மாணவனுக்குப் பயன்படாது. நூல்களோ மிகக் குறைவு. அக்குறைந்த நூல்களும் வேலியடைத்துப் பிரிக்கப்பட்டிருந்தால் கற்பவன் என்செய்வான்?

1949-ம் ஆண்டில் இந்திய அரசாங்கம் இச்சிக்கலை யுனெஸ்கோ நிறுவனத்தின் முன் வைத்தது. அந்நிறுவனம் பிரெயில் ஒருமைப்பாட்டுப் பணிக்குத் துணைக்கொண்டவர் மெக்கென்ஸி. 1950-ம் ஆண்டில் பாரிஸிலும் 1951-ம் ஆண்டில் பெய்ரூத்திலும் கூடிய மாநாடுகளின் பயனாக இந்திய மொழிகள் யாவற்றிற்கும் பொதுவான பாரதி பிரெயில் நிலைபெற்றது. அதன் அடிப்படை எளிது: ஒலி ஒன்றாயின் புள்ளியும் ஒன்று. தமிழ் ககரத்துக்கும் இந்திக் ககரத்துக்கும் ஒரே அடையாளம். ஆங்கிலத்தில் அவ்வொலிக்குரிய எழுத்துக்கும் அதுவே அடையாளம். மகர லகரங்களும் இங்ஙனமே. அகரத்திற்கு முதற்புள்ளி ஒன்றே போதும். எனவே தமிழ் கற்ற விரல் பிறமொழி எழுத்தை அணுகும்போது முற்றும் புதிய நிலத்தில் கால்வைப்பதில்லை. உலகப் பிரெயில் மன்றத்தின் தலைவராகவும் இருந்த மெக்கென்ஸி, உலகமொழிகளின் பிரெயில் முறைகளைத் தொகுத்து எழுதிய நூலை யுனெஸ்கோ 1953-ம் ஆண்டில் வெளியிட்டது. ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு ஆலோசகராகச் சென்று உழைத்த அவர் 1966-ம் ஆண்டில் மறைந்தார்.

இம்முறையின் வலிமையும் எல்லையும்

இனி, ஒத்த நிலையினர் உதவி ஏன் பயன் தருகிறது என்பதை ஆராய்வோம். முதலாவது, அது சொல்லன்று, சான்று. "நீ வாழலாம்" என்று மருத்துவர் கூறுவது அறிவுரை. வாழ்ந்து காட்டியவன் எதிரே வந்து நிற்பது மெய்ப்பிப்பு. இரண்டாவது, அங்கே இரக்கத்தின் கூச்சம் இல்லை. கண்ணுடைய ஆசான் மாணவனைக் கடிந்துகொள்ளத் தயங்குவான். ஊனத்தைப் பழித்ததாகுமோ என்று அஞ்சுவான். தானும் அவ்வழி நடந்தவன், "இன்னும் ஒருமுறை முயல்க" என்று உறுதியாகக் கூறுவான். கேட்பவனும் அதனைத் தாங்கிக்கொள்வான். மூன்றாவது, உதவி பெறுபவன் நாளை உதவி செய்பவன் ஆகின்றான். பெறுபவனாகவே என்றும் இருத்தல் மானமுள்ளவனுக்குப் பெருஞ்சுமை. அச்சுமையை இறக்கிவைக்க வழி, தான் ஒருவர்க்குப் பயன்படுதலே.

ஆயினும் இதற்கு எல்லையும் உண்டு. துன்புற்ற அனுபவம் மட்டுமே ஒருவனை ஆசானாக்கிவிடாது. மெக்கென்ஸி முதலில் கற்றார். பின்னர் நிலையமொன்றைப் பதினைந்து ஆண்டு நடத்தினார். அதன்பின்னரே டேராடூனுக்கு வந்தார். தன் காயத்தை ஆற்றிக்கொள்ளாதவன் பிறர் காயத்தைத் தொட்டால் இருவர்க்கும் தீங்கு. ஒருவன் காயம்போல் மற்றொருவன் காயம் இராது என்பதை உணர்ந்து, பேசுவதற்கு முன் கேட்கப் பழகுதல் வேண்டும். மருத்துவம், ஓய்வூதியம், சட்டப் பாதுகாப்பு ஆகியவற்றின் இடத்தைத் தோழமையால் நிரப்பவும் இயலாது. நம் நாட்டில் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வியையும் வேலையையும் அவர்தம் உரிமையாகவே வகுத்துள்ளது. உரிமையைத் தருதல் அரசாங்கத்தின் கடன். அவ்வுரிமையைக் கைக்கொள்ளும் துணிவை ஊட்டுவதே தோழனின் தொழில்.

நம் காலத்து எடுத்துக்காட்டு

இம்மரபு முற்காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1999-ம் ஆண்டில் கார்கில் போர் நிகழ்ந்தபோது, ஜூலை 15-ம் நாள், அக்நூர்ப் பகுதியில் எல்லைக் காவலில் நின்ற தேவேந்தர் பால் சிங் என்னும் படையதிகாரியின் அருகே பீரங்கிக் குண்டு ஒன்று வெடித்தது. மருத்துவமனையில் ஒரு மருத்துவர் அவர் இறந்தாரென்றே கருதினார். மற்றொரு மருத்துவர் உயிர்க்குறி கண்டு காத்தார். ஒரு கால் வெட்டி நீக்கப்பட்டது. 2009-ம் ஆண்டில் அவர் டெல்லியில் அரைமாரத்தான் ஓட்டத்தை ஓடி முடித்தார். அவர் ஓடியதினும் சிறந்தது அதன்பின் செய்த பணி. உறுப்பிழந்தோர் ஒருவருக்கொருவர் துணையாதற்பொருட்டு 2011-ம் ஆண்டில் 'தி சேலஞ்சிங் ஒன்ஸ்' என்னும் குழுவை அவர் தொடங்கினார். செயற்கைக் காலை எங்ஙனம் தேர்வது, முதல் அடியை எங்ஙனம் வைப்பது, விழுந்தால் எங்ஙனம் எழுவது என்பவற்றை அவ்வழி நடந்தவரே கூறக் கேட்பது புதியவர்க்குப் பெரும் பேறு. பள்ளி கல்லூரி மாணவரிடையேயும் அவர் சென்று உரையாடுகின்றார்.

இங்கும் ஒன்று கருதத்தக்கது. உறுப்பிழந்தார் யாவரும் நெடுந்தூரம் ஓடவேண்டுவதில்லை. ஓடாதவர் தோற்றவரும் அல்லர். காலையில் தானே எழுந்து, தானே உடுத்து, தன் தொழிலுக்குச் செல்லும் ஒருவரும் வென்றவரே. வியப்புக்குரியோரை மட்டும் போற்றி, இயல்பாக வாழ முயல்வோரை மறந்தால் நாம் பாடத்தைப் பிழைபடக் கற்றவராவோம்.

மாணவர் செய்யத்தக்கன

தாம்பரத்தினின்று வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வழியாகச் செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் நாள்தோறும் செல்லும் நம் மாணவர், பார்வையற்ற பயணிகளையும் சிறுபொருள் விற்போரையும் கண்டிருப்பர். நாம் பலவேளைகளில் அவர்தம் கோலைப் பிடித்து இழுக்கின்றோம்; அல்லது தோளைப் பற்றித் தள்ளுகின்றோம். இரண்டும் அன்பினாற் செய்வனவே, இரண்டும் தவறு. முதலில் உதவி வேண்டுமா என்று கேட்டல் வேண்டும். வேண்டுமென்றால் நம் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்ள விட்டு, அரையடி முன்னே நாம் நடத்தல் வேண்டும். படி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைச் சொல்லுதல் வேண்டும். பிடிப்பவர் அவராயின் விடுபவரும் அவரே. நாம் பிடித்தால் அவர் நம் கைப்பொருளாகிவிடுகின்றார். வேறுபாடு சிறிது, மானத்தின் அளவில் அது பெரிது.

இரண்டாவது, பார்வையற்ற மாணவர்க்குத் தேர்வெழுதித் தருவோர் எப்போதும் வேண்டப்படுகின்றனர். பாடநூலை உரக்கப் படித்துத் தருதலும் அத்தகையதே. மூன்று மணி நேரம் மற்றொருவன் சிந்தனைக்குக் கையாக இருத்தல் எளிய பணியன்று. தன் கருத்தை ஒரு சொல்லும் கலவாது எழுதும் அடக்கம் அதற்கு வேண்டும். மூன்றாவது, கல்லூரியில் மேல்வகுப்பிலிருக்கும் பார்வையற்ற மாணவர், புதிதாய்ச் சேரும் பார்வையற்ற மாணவர்க்கு வழிகாட்ட ஒழுங்கு செய்தல் வேண்டும். வகுப்பறைக்குப் போகும் வழி, நூலகத்தின் ஒழுங்கு, கணினியில் படித்துக்காட்டும் கருவியின் பயன் ஆகியவற்றை நம்மினும் அவரே நன்குணர்த்துவர்.

நான்காவதும் ஒன்றுண்டு. தாம்பரம் விமானப்படை நிலையத்தைச் சூழ்ந்த இப்புறநகர்களில் படையினின்று ஓய்வுபெற்றோர் பலர் குடியிருக்கின்றனர். படைவீரர் பலர் நாற்பது வயதிற்குள்ளாகவே ஓய்வு பெறுபவர். அவர்முன் இன்னும் ஒரு வாழ்நாள் உள்ளது. ஒழுங்கும் பொறுமையும் தோழமையும் பயின்ற அவர்களை நம் மாணவர் சங்கங்கள் அழைத்து, வீரக் கதைகளை மட்டும் கேளாமல், படையைவிட்டு வெளிவந்தபின் வாழ்க்கையை எங்ஙனம் அமைத்துக்கொண்டனர் என்பதையும் கேட்கவேண்டும். தேர்வில் தோற்றவனுக்கும், வேலை கிடையாது மனந்தளர்ந்தவனுக்கும், இரண்டாம் முறை வாழத் தொடங்கியவரின் சொல் பெருந்துணை புரியும்.

பெருந்துன்பம் ஒருவரைத் தனியராக்கும் இயல்பினது. எனக்கு நேர்ந்தது எவர்க்கும் நேர்ந்திலது என்று துன்புற்றவர் எண்ணுவார். அவ்வெண்ணத்தை உடைக்க அவ்வழி முன்னே சென்றவர் ஒருவரின் குரல் வேண்டும். மெக்கென்ஸி பியர்ஸனிடம் அக்குரலைக் கேட்டார்; டேராடூனில் அவர் குரலைப் பிறர் கேட்டனர். இச்சங்கிலி நம்மிடம் வந்து அறுந்துபோகாமற் காத்தல் கற்றோராகிய நம் கடன். நம்முள் துன்புற்றுத் தேறியவர் பேசுக, தேறாதவர் கேட்க, இரண்டும் இல்லாதவர், இவ்விருவரும் கூடுதற்கு ஓர் இடத்தையேனும் அமைத்துத் தருக.